ஷாமினியோட குழியில எரிஞ்ச வெளிச்சம்

எனக்குப் பேரன் பொறந்திருக்கான். பேரு ரிஷி. இத மொதல்ல சொல்லிட்டாத்தான் மத்தது வாயில வரும். பிரிக்பீல்ட்ஸ்ல எங்க பிளாட்டுக்குக் கீழ இருக்கிற அத்தன பேருக்கும் சொல்லியாச்சு. பூக்கடைக்காரம்மா, கார் பார்க்கிங் பாத்துக்கிறவன், மோனோரயிலுக்கு வழி கேட்ட ஒரு வெள்ளக்காரன், எல்லாருக்கும் போட்டோ காட்டியாச்சு. வெள்ளக்காரன் "கியூட்"னு சொன்னான். நான் அவனுக்கு வழிய ஒழுங்கா சொன்னேனான்னுதான் ஞாபகம் இல்ல.

ஆனா நான் இங்க சொல்ல வந்தது ரிஷி கதை இல்ல. அவனப் பெத்தவ கதை. என் மருமக ஷாமினி. பிள்ளை பெத்துட்டு வேலைக்குத் திரும்பிப் போனவளுக்கு, அவ ஆசையாப் பாத்த வேலையே கைய விட்டுப் போக இருந்துச்சு. அது எப்படிப் போக இருந்துச்சு, எப்படி நின்னுச்சுங்கிறதுதான் கதை. நடுவுல நானும் ஒரு கூத்து அடிச்சேன். அதையும் சொல்றேன்.

என் பேரு இராமலிங்கம். தமிழ்ப்பள்ளியில ஆறாவது முடிச்சதோட சரி. கிள்ளான் போர்ட்ல கண்டெய்னர் லோரி ஓட்டினேன். இப்ப பேரன ஓட்டுறேன். என் மகன் சுகுமாறன் அதே போர்ட்ல கிரேன் வேலை பாக்கிறான், ஷிப்டு ஷிப்டா போவான். ஷாமினி காலையில சென்ட்ரல்ல கொம்யூட்டர் ரயில் ஏறி காஜாங்ல எறங்கி, அங்க இருந்து வேன்ல செமினி பக்கம் ஒரு லேப்புக்குப் போவா. பகல்ல பிள்ளைக்கு நானும் என் சம்சாரம் நல்லம்மாளும்தான்.

ஷாமினிய நாங்க பொண்ணு பாக்கப் போன அன்னிக்கே எனக்குப் புடிச்சிருச்சு. செமினியில அவங்க வீடு. அவ அப்பா ஸ்கூல் பஸ் ஓட்டுறவரு, அதனால நானும் அவரும் பிரேக், டயர்னு பேசிக்கிட்டு இருந்தோம். நல்லம்மாதான் கேட்டா, "சமைப்பியாம்மா?"

"சமைப்பேன் ஆன்டி. ஆனா ஞாயித்துக்கிழமை காலையில நான் லேப்புக்குப் போயிருவேன். அங்க வளக்கிறதுக்கெல்லாம் சாப்பாடு போடணும்."

"என்னாது, ஞாயித்துக்கிழமையுமா? நாய் பூனை வளக்கிறாங்களா அங்க?"

"இல்ல ஆன்டி. மனுசன் செல்லு. கண்ணுக்குத் தெரியாது. வயிறு மட்டும் பசிக்கும்."

நல்லம்மா என்னத் திரும்பிப் பாத்தா. நான்தான் கேட்டேன், "கண்ணுக்குத் தெரியாதத வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றீங்க?"

அவ பயப்படவே இல்ல. நல்லா நேரா உக்காந்துக்கிட்டு கேட்டா. "அங்கிள், நீங்க போர்ட்ல லோரி ஓட்டினீங்கல்ல? போர்ட் கேட்டு எப்படி இருக்கும்?"

"பெரிய கேட்டு. கார்டு நிப்பான். பாஸ் காட்டினா தொறப்பான்."

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் ஒரு குட்டி போர்ட்டு அங்கிள். சுத்தி வேலி, வேலியில கேட்டு. உப்புல இருக்கிற சோடியம், வாழப்பழத்துல இருக்கிற பொட்டாசியம், பால்ல இருக்கிற கால்சியம், இதெல்லாம் லோரி. ஒவ்வொரு லோரிக்கும் தனித்தனி கேட்டு. அந்தக் கேட்டுக்குத்தான் அயன் சேனல்னு பேரு. அது தொறந்து தொறந்து மூடுறதாலதான் நெஞ்சு துடிக்குது, சுட்டா சுடுதுன்னு தெரியுது."

"கேட்டு மாட்டிக்கிட்டா?"

"ஜாம்தான். வியாதி வரும். சில மருந்து கேட்ட தொறக்கும், சில மருந்து பூட்டிடும். எந்த மருந்து எந்தக் கேட்ட என்ன பண்ணுதுன்னு பாக்கிறதுதான் என் வேலை."

இத்தன வருசம் போர்ட் கேட்டுல நின்னு வெந்திருக்கேன். என் உடம்புக்குள்ளயும் இத்தன கேட்டு இருக்குன்னு யாரும் சொன்னதில்ல. வரும்போதே கார்ல நல்லம்மாகிட்ட சொல்லிட்டேன், "இந்தப் புள்ளதான்." நல்லம்மா, "சுகு கட்டிக்கப் போறானா, நீங்க வகுப்புக்குப் போகப் போறீங்களா?"ன்னா.

கல்யாணம் ஆன பொறவு ஒரு தடவ லேப்ல குடும்பங்களக் கூப்பிட்டுச் சுத்திக் காட்டினாங்க. அப்ப அவ ரூமப் பாத்தேன். "பிளேட் ரூம்"னு சொல்வாங்க. பிளேட்டுன்னா சாப்பிடுற தட்டு இல்ல. கடையில முட்டை அடுக்குற தட்டு இருக்கில்ல, அத உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, நூத்துக்கணக்குல குழி போட்டா எப்படி இருக்கும், அப்படி. குழிக்குச் சுத்துச்சுவரு கறுப்பு. அடி மட்டும் கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும். ஒவ்வொரு குழியிலயும் செல்ல வளத்து, ஒரு சாயத்த ஊத்தி வெச்சிருப்பா. கால்சியம் லோரி கேட்டத் தாண்டி உள்ள போச்சுன்னா அந்தச் சாயம் பச்சையா எரியும்.

அப்புறம் தட்ட மெஷினுக்குள்ள வெப்பா. மெஷின் ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு மருந்தா சொட்டு விடும். கீழ இருந்து நீல வெளிச்சம் அடிச்சு, அடியில இருந்தே போட்டோ எடுக்கும். எந்தக் குழி எரியுதோ, அந்த மருந்து கேட்டத் தொறந்திருக்குன்னு அர்த்தம். ஒரு காலைப் பொழுதுல நூத்துக்கணக்கான மருந்தப் பாத்துரலாம்.

பக்கத்து ரூம்ல உமர்னு ஒரு தம்பி. கிள்ளான் பையன், அவங்க வாப்பா அங்க துணிக்கடை வெச்சிருக்காரு. இந்த ஊரு வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவான். அவன் வேலை வேற மாதிரி. முடியவிட மெல்லிசா ஒரு கண்ணாடி ஊசி. அத ஒத்தச் செல்லு மேல ஒட்டி வெச்சு, கேட்டு தொறக்கும்போது ஓடுற மின்சாரத்த அளப்பான். ஒரு நாள் பூரா உக்காந்தாலும் கொஞ்சம் மருந்துதான் பாக்க முடியும்.

"ஷாமினி அக்கா மெஷின் சொல்றது வதந்தி லா அங்கிள்," ன்னான் என்கிட்ட. "நான் பாத்துச் சொன்னாத்தான் செய்தி."

"வதந்தி வரலன்னா நீ எந்தச் செய்தியத் தம்பி தேடுவ?"ன்னு ஷாமினி திருப்பிக் கொடுத்தா. அவங்க ரெண்டு பேரும் எப்பவும் இப்படித்தான்.

லேப்ப நடத்துற டாக்டர் கமலநாதன் அன்னிக்கு என்கிட்ட ஒன்னு சொன்னாரு. "உங்க மருமக கை சுத்தம் யாருக்கும் வராது அங்கிள். அந்த ரூமுக்குள்ள போறதுன்னா நானே யோசிச்சுத்தான் போவேன்." பக்கத்துல நின்ன ஷாமினி அப்ப ஒரு சிரிப்பு சிரிச்சா. கல்யாண போட்டோவுல கூட அந்தச் சிரிப்பு இல்ல.

அப்புறம் ரிஷி வந்தான். சொல்லிட்டேன்ல?

பொறந்து கொஞ்ச மாசத்துலயே அவனுக்குக் கையில நல்ல பிடி. என் மீசையப் பிடிச்சான்னா விட மாட்டான். அம்மா மடியில கெடந்தான்னா தாலிக் கயித்தப் பிடிச்சு இழுத்து வாயில வெச்சு சப்புவான். சப்பிச் சப்பி கயிறு நூல் நூலா வந்துருச்சு. ஷாமினி வேலைக்குத் திரும்புற வாரம் நல்லம்மா பாத்துட்டா.

"ஐயையோ, அறுந்து கிறுந்து போச்சுன்னா என்னா ஆகுறது! புதுக் கயிறு மாத்திட்டுத்தான் நீ வாசலத் தாண்டுற."

நான்தான் கடையில போயி கயிறு வாங்கிட்டு வந்தேன். நல்லம்மா அத வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "இதெல்லாம் ஒரு மஞ்சளா? வெளிறிப் போன மாதிரி இருக்கு"ன்னு, பாசார்ல பச்ச மஞ்சக் கெழங்கு வாங்கி வந்து அரைச்சு, அந்தக் கயித்த அதுலயே ஊறப் போட்டா. மாங்கா ஊறுகா கூட அவ்வளவு நேரம் ஊறியிருக்காது. அப்புறம் கோயில்ல வெச்சுக் கும்பிட்டு, ஷாமினி கழுத்துல மாத்தியாச்சு. பளபளன்னு மஞ்சளா இருந்துச்சு. புதுக் கயிறு பாருங்க, வெறப்பா இருக்கும், கழுத்துல உறுத்தும். அவ அப்பப்ப அத இழுத்து இழுத்து விட்டுக்குவா. ரிஷி அதையும் பிடிச்சு இழுப்பான். வீட்ல தலகாணி, துண்டு, என் சட்டை, எல்லாத்துலயும் லேசா ஒரு மஞ்சக் கறை. நல்லம்மாவுக்கு அதுல பெரும. "வீடு மங்களமா இருக்குல்ல?"ம்பா.

வேலைக்குத் திரும்பின மொத வாரமே ஷாமினி போன் பண்ணினா. குரல் துள்ளுது.

"மாமா! மூணு குழி எரியுது மாமா!"

நான் பயந்துட்டேன். "எங்க? பொம்பாவக் கூப்பிட்டீங்களா?" பொம்பான்னா இங்க தீயணைப்புக்காரங்க.

"அய்யோ மாமா, தீ இல்ல. பிளேட்ல. மருந்து கெடச்சிருக்கு!"

அவங்க தேடிக்கிட்டு இருந்த மருந்து என்னான்னா, சில பிள்ளைங்களுக்குப் பொறக்கும்போதே ஒரு கேட்டு சரியாத் தொறக்காதாம். அதத் தொறந்து விட ஒரு மருந்து. ஷாமினி லீவுல போறதுக்கு முன்னாடி இருந்தே தேடுறாங்க, ஒன்னும் சிக்கல. இப்ப இவ திரும்பி வந்த ஒடனே மூணு. அன்னிக்கு வரும்போது லட்டு வாங்கிட்டு வந்தா. ரிஷியத் தூக்கி, "உன்ன மாதிரி பாப்பாவுக்கெல்லாம் டா"ன்னு சொல்லிச் சொல்லி முத்தம் கொடுத்தா. என் சம்சாரம் பூசையறையில வெளக்கேத்துனா. நான் ரெண்டு லட்டு சாப்பிட்டேன், டாக்டர் ஒன்னு கூட கூடாதுன்னு சொல்லியிருக்காரு.

உமர் அந்த மூணு மருந்தையும் தன் கண்ணாடி ஊசியில வெச்சுப் பாத்தான். கேட்டு அசையவே இல்ல.

"அக்கா, உங்க மருந்து வந்து கதவத் தட்டக்கூட இல்ல லா"ன்னான்.

ஷாமினி மறுபடி புது பிளேட்ல அதே மருந்துகள விட்டுப் பாத்தா. அந்த மூணும் இருட்டு. ஆனா வேற நாலு குழி எரியுது. மறுபடி பாத்தா, அந்த நாலும் இருட்டு, வேற எங்கேயோ ரெண்டு எரியுது. மருந்து வேலை செஞ்சா ஒவ்வொரு தடவையும் அதே மருந்துதான எரியணும்? இது இடம் மாறி மாறி எரியுதுன்னா, மருந்துல ஒன்னும் இல்ல, செய்யுற ஆளுகிட்டதான் ஏதோ தப்புன்னு எல்லாரும் நெனைக்க ஆரம்பிச்சிட்டாங்க.

பேன்ட்ரியில கோப்பி கலக்கும்போது பின்னாடி யாரோ பேசினது அவ காதுல விழுந்துச்சாம். "பிள்ளை பெத்தா மூளையில பாதிய ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்துடுவாங்க போல."

டாக்டர் கமலநாதன் அவளத் தனியாக் கூப்பிட்டாரு. திட்டல. அதுதான் அவளுக்கு இன்னும் வலிச்சுச்சு. "ஷாமினி, வெள்ளிக்கிழமை பினாங்குல இருந்து நம்ம கூட சேந்து வேலை பாக்கிறவங்க வராங்க. அதுக்குள்ள என்னா காரணம்னு தெரியலன்னா, பிளேட் வேலைய வேற ஆளுகிட்ட கொடுத்துடலாம். நீ கொஞ்ச நாளு ஸ்டோர் பாரு. வீட்ல சின்னப் பிள்ளை இருக்கு. உனக்கும் ஈசி."

சாயங்காலம் வந்தவ பால் போத்தலக் கழுவிக்கிட்டே சொன்னா. கழுவின போத்தலையே திரும்பத் திரும்பக் கழுவுறா.

"ஸ்டோர்னா என்னம்மா வேலை?"ன்னேன்.

"டப்பா அடுக்கிறது மாமா. கேட்டா எடுத்துக் கொடுக்கிறது." அப்புறம் ஒரு மூச்சு விட்டா. "ஈசின்னு சொல்றாரு மாமா. நான் ஈசியா இருக்கணும்னு எப்ப கேட்டேன்? அந்த ரூம் என் ரூம் மாமா. ஸ்டோருக்குப் போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல."

சுகு அன்னிக்கு வீட்ல இருந்தான். "விடு ஷாமி, ரெண்டு மாசம் ரெஸ்ட்டா இரு"ன்னு வாயத் தொறந்தான். அவ ஒரு பார்வ பாத்தா. கிரேன் ஓட்டுற ஆளு, எப்ப கையத் தூக்கணும்னு தெரியும். பேசாம பிள்ளைய எடுத்துக்கிட்டு பால்கனிக்குப் போயிட்டான்.

அவ சும்மா இருக்கிறவ இல்ல. சாயத்த மாத்தினா, தண்ணிய மாத்தினா, மெஷினோட கேமரா கண்ணாடியத் தொடச்சா, புதுப் பெட்டியில இருந்து பிளேட்டு எடுத்தா. எரியுற குழியெல்லாம் ஓரத்துலதான் வருதுன்னு ஒன்னக் கண்டுபிடிச்சா. ஓரத்துல சூடு கூடி தண்ணி வத்தும், அதனால இருக்கலாம்னு நெனச்சு, ஈரத்துணி போட்டு மூடி வெச்சுப் பாத்தா. அப்பவும் எரிஞ்சுச்சு.

நல்லம்மாவுக்குக் காரணம் மொதல்லயே தெரிஞ்சு போச்சாம். "கண்ணு. லட்டு குடுத்தால்ல, அப்பவே பட்டிருக்கும்." உப்பும் காஞ்ச மொளகாயும் எடுத்து ஷாமினியச் சுத்தி, கேஸ் அடுப்புல போட்டா. பிளாட்டு பூரா ஒரே இருமல். மேல் வீட்டு சீனத்தி ஜன்னலச் சாத்துறது கேட்டுச்சு. ஷாமினி இருமிக்கிட்டே, "அத்தை, உப்பு போதும். கேட்டுல ஏற்கனவே ஜாம்"ன்னா. அந்த வாரத்துல அவ சிரிச்சது அப்ப மட்டும்தான்.

வியாழக்கிழமை காலையில நான் ரிஷியத் தூக்கிக்கிட்டு கீழ பழனியப்பன் கடைக்குப் போனேன். மளிகக் கடை. தேங்கா வாங்கணும். பழனியப்பன் புதுசா ஒரு லைட்டு வாங்கி வெச்சிருந்தான், நோட்டு நல்லதா கள்ளமான்னு பாக்கிறதுக்கு. ஊதாக் கலர்ல லேசா எரியும். ஒரு அக்கா குடுத்த நோட்ட அதுக்கடியில வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தான். ரிஷிக்குத்தான் பிடின்னா போதுமே, எட்டி நோட்ட பிடிச்சான்.

அவன் கை லைட்டுக்கடியில போச்சு. விரலு பூரா பச்சையும் மஞ்சளுமா எரிஞ்சுச்சு.

"அண்ணே! பிள்ளை கை எரியுதுண்ணே!"ன்னு பழனியப்பன் கத்தினான்.

ரிஷிக்காக நான் கொண்டு வந்திருந்த பால் போத்தல லைட்டுல காட்டினேன், அதுலயும் விரல் விரலா எரியுது. என் சட்டத் தோள்ல ரிஷி மூஞ்சி சாஞ்ச இடமும் எரியுது. எனக்கு ஒன்னே ஒன்னுதான் தோணுச்சு. ஷாமினி லேப்ல ஊத்துற அந்தப் பச்சச் சாயம் வீட்டுக்கு வந்துருச்சு. என் பேரன் மேல ஒட்டிக்கிச்சு. வாயிலயும் போயிருக்கும். அவனுக்குள்ள இருக்கிற கேட்டெல்லாம் இப்ப என்னா ஆகுதோ!

ஒடனே போன் அடிச்சேன்.

"ஷாமினி! உன் சாயம்மா! உன் லேப் சாயம் பிள்ளை மேல ஒட்டியிருக்கு! பச்சையா எரியுறான்!"

"மாமா, மாமா, மெதுவா. அழுவுறானா?"

"இல்ல, சிரிக்கிறான்."

"மூச்சு நல்லா விடுறானா?"

"விடுறான். பழனியப்பன் நோட்டத் திங்குறான்."

"சரி. சாயம் வீட்டுக்கு வரவே வராது மாமா. கோட்டு, கிளவ்ஸ் எல்லாம் இங்கயே கழட்டிப் போட்டுட்டு கைகழுவிட்டுத்தான் வரேன். எங்கெங்க எரியுது? போட்டோ எடுத்து அனுப்புங்க."

பழனியப்பன் எடுத்து அனுப்பினான். அவ போட்டோவப் பெருசாக்கிப் பாக்கிறா போல. மெஷினுங்க ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"மாமா. உங்க சட்டத் தோள மோந்து பாருங்க. என்னா வாசம்?"

மோந்தேன். "மஞ்ச வாசம்மா."

ஒரு மாதிரி குரல்ல, "மாமா, பிள்ளைக்கு ஒன்னும் இல்ல. போன வைங்க"ன்னா.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகவா?"

"வேணாம் மாமா! அவன் மேல என் லேப்புது ஒன்னும் வரல. அவன் மேல இருக்கிறதுதான் என் லேப்புக்கு வந்திருக்கு!"

போன் கட்டாயிருச்சு. எனக்கு ஒன்னும் புரியல. பழனியப்பன்தான் யோசிச்சுட்டு, அலமாரியில இருந்து மஞ்சத்தூள் பாக்கெட்ட எடுத்து லைட்டுல காட்டினான். ஜெகஜோதியா எரிஞ்சுச்சு. கறித்தூள் பாக்கெட்டும் லேசா. என்னடா கூட்டம்னு எறங்கி வந்த நல்லம்மாவக் கைய நீட்டச் சொல்லி லைட்டுல பாத்தோம், ரெண்டு உள்ளங்கையும் டிராபிக் லைட்டு மாதிரி. நோட்டுக் குடுத்த அக்கா காலையில மஞ்ச பூசிக் குளிச்சிருக்காங்க போல, அவங்க மணிக்கட்டும் எரிஞ்சுச்சு. "அப்ப நாம எல்லாருமே கள்ள நோட்டாண்ணே?"ன்னு அவங்க கேட்டாங்க. கடையில வியாபாரமே நின்னு போச்சு.

அந்தப் பக்கம் லேப்ல நடந்தத உமர்தான் பொறவு எனக்குச் சொன்னான்.

ஷாமினி போன வெச்ச ஒடனே கண்ணாடி முன்னாடி போயி நின்னாளாம். சும்மா வேலை பாக்கிற மாதிரி குனிஞ்சா. கயிறு காலர்ல இருந்து வெளிய வந்து விழுந்துச்சு. தானா கை போயி, கிளவ்ஸ் போட்ட விரலாலயே அத உள்ள தள்ளி விட்டுச்சு. பல தடவ செஞ்சு பழகின கை, அவளுக்கே தெரியாம செஞ்சிருக்கு. கிளவ்ஸ் போட்டிருக்கோம், கை சுத்தம்னு நெனச்சிருக்கா. அதே விரலால பிளேட்டோட அடியில தாங்கித் தூக்கி மெஷினுக்குள்ள வெச்சிருக்கா. மெஷின் வெளிச்சம் அடிக்கிறதும் போட்டோ எடுக்கிறதும் அந்த அடியிலதான. விரல் பட்ட ஓரமெல்லாம் மஞ்சள் எரிஞ்சிருக்கு. முன்னாடி இருந்த பழைய கயிறு கடையில சாயம் ஏத்தினது, அதுல நெசமான மஞ்சளே இல்லாததால இத்தன வருசம் ஒன்னும் ஆகல.

அவ ஒரு காலி பிளேட்ட எடுத்தா. செல்லு இல்ல, சாயம் இல்ல, மருந்து இல்ல. கயித்த ஒரு தடவ தேய்ச்சுட்டு அந்த விரலால பிளேட்டுக்கு அடியில ஏதோ எழுதி மெஷின்ல வெச்சா. திரையில கறுப்புக் குழிங்களுக்கு நடுவுல பச்சையா ஒரு எழுத்து வந்துச்சு. "ரி."

உமர் எட்டிப் பாத்தான். "அக்கா, இது என்னா மருந்து?"

"என் மகன் டா,"ன்னு சொல்லி அவ சிரிச்சாளாம். அப்புறம் கண்ணத் தொடச்சுக்கப் போனவ, விரல்ல மஞ்ச இருக்குன்னு நிறுத்திட்டு, முழங்கையால தொடச்சாளாம்.

அதோட விடல. பழைய பிளேட்டுங்களோட போட்டோவெல்லாம் மறுபடி எடுத்தா. மெஷின் மருந்து விடுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, விட்ட பின்னாடி ஒன்னு எடுக்கும். பின்னாடி எடுத்ததுல எது எரியுதுன்னு பாத்தவங்க, முன்னாடி எடுத்தத யாரும் பாக்கல. பாத்தா, எரிஞ்ச குழியெல்லாம் மருந்து விழுறதுக்கு முன்னாடியே எரிஞ்சிருக்கு.

வெள்ளிக்கிழமை பினாங்கு ஆளுங்க முன்னாடி டாக்டர் கமலநாதன், "மெஷின்ல சின்னப் பிரச்சின"ன்னு பொதுவாச் சொல்லி முடிக்கப் பாத்திருக்காரு. ஷாமினி எழுந்திருச்சு, "மெஷின் நல்லா இருக்கு டாக்டர். பிரச்சின என் கழுத்துல"ன்னு சொல்லி, முன் போட்டோ, பின் போட்டோ, ரிஷி எழுத்து எல்லாத்தையும் வரிசையாக் காட்டினா.

டாக்டருக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. "அதக் கழட்டுன்னு... எப்படிம்மா நான்... சொல்லக்கூடாது..."ன்னு தண்ணி குடிக்கிறாரு.

பினாங்குல இருந்து வந்த சீன டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். "எங்க லேப்ல இதே மாதிரி எரிஞ்சுச்சு. கடைசியில பாத்தா துணி தொவைக்கிற சோப்பு. வெள்ள வெளேர்னு காட்டுற சோப்பு எங்க மெஷினோட ஊதா வெளிச்சத்துல எரியும். நாங்க கண்டுபிடிக்க எத்தன மாசம் ஆச்சு தெரியுமா? இந்தப் பொண்ணு ஒரு வாரத்துல பிடிச்சிருச்சு. யாரு பிளேட் பாக்கிறது இங்க?"

"ஷாமினிதான்,"ன்னாரு டாக்டர் கமலநாதன். "ஷாமினிதான் பாப்பா."

ரூல் மாத்தினாங்க. இனிமே முன் போட்டோவத்தான் மொதல்ல பாக்கணும். பிளேட்ட பக்கவாட்டுல மட்டும் பிடிக்கணும். கழுத்து, முகம், எதத் தொட்டாலும் கிளவ்ஸ மாத்தணும். கோட்டு மேல் பட்டன் வரைக்கும் போடணும், டாக்டரும் சேத்துத்தான். பேன்ட்ரியில உமர் எல்லார் காதுலயும் விழுற மாதிரி, "பாதி மூளையிலயே இப்படின்னா, மீதியும் ஆஸ்பத்திரியில இருந்து வந்துருச்சுன்னா நாங்கெல்லாம் வேற வேலை தேடணும் லா அக்கா"ன்னானாம். யாரோ ஒருத்தங்க கோப்பிய குடிச்சு முடிக்காமலே எழுந்து போனாங்களாம்.

வீட்ல நல்லம்மாகிட்ட யாரு சொல்றதுன்னு எனக்கும் சுகுவுக்கும் சண்டை. கடைசியில ஷாமினியே சொன்னா. நல்லம்மா தன் உள்ளங்கையத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்புறம், "ஊர்க் கண்ணு பட்டதுன்னு நான் உப்பு மொளகா சுத்தினேன். கடைசியில என் மஞ்சளா பட்டுச்சு?"ன்னா. "இரு. கயித்தக் கழட்ட வேணாம். கிட்ட வா."

பாத்ரூம்ல குளிக்கிற சோப்பு போட்டுத் தேய்ச்சு, தண்ணி ஊத்தி ஊத்தி, கழுத்துல இருக்கும்போதே கயித்த அலசுறா. மஞ்சத் தண்ணி ஓடுது. ஊறப் போட்டவளே இப்ப வெளுக்கிறா. "கழுத்துல கயிறு இருக்கான்னுதான் சாமி பாக்கும், சாயத்தையா பாக்கும்?"னு யாரும் கேக்காமலே சொல்லிக்கிட்டா.

திங்கக்கிழமை காலையில ஷாமினி ரயிலுக்குக் கெளம்பினா. நான் ரிஷியத் தூக்கிக்கிட்டு கூடவே எறங்கினேன். கடை வாசல்ல பழனியப்பன் லைட்டோட நிக்கிறான்.

"மருமகளே, நில்லு. செக்கிங்!"

அவ சிரிச்சுக்கிட்டே கைய நீட்டினா, கழுத்துக் கயித்தக் காட்டினா. லைட்டு அடிச்சான். ஒன்னும் எரியல.

"நல்ல நோட்டு! போலாம்!"

அவ ரிஷி கன்னத்துல முத்தம் குடுக்க வந்தா, சட்டுனு ஒரு அடி பின்னாடி போயி, காத்துலயே ஒன்னு குடுத்துட்டு ஸ்டேஷன் பக்கம் வேகமா நடந்தா. ரிஷி எட்டி லைட்டப் பிடிச்சான். அவன் விரல் மட்டும் இன்னும் பச்சையா எரியுது. காலையில நல்லம்மா அவனுக்கு மஞ்ச தேய்ச்சுத்தான் குளிப்பாட்டியிருக்கா. அவனுக்கு எந்த ரூலும் கெடையாது லா.